மலை வீடும் இணைய அலையும்

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி உள்ள வீடு ஊருக்கு ஒன்று இருந்தது. ஊரே அவ்வீட்டுத் திண்ணையில் கூடிச் செய்தி கேட்டது. இன்று அந்த இடத்தை இணையம் பிடித்துக்கொண்டுள்ளது. ஆயினும் இரண்டிற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வானொலி கேளாதவனுக்கு அன்று பெரிய இழப்பு ஏதும் நேர்ந்துவிடவில்லை. இன்றோ கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், தேர்வு முடிவு என மாணவனின் வாழ்வைத் தீர்மானிக்கும் யாவும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. நம் மாநிலத்து அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்வதற்கான விண்ணப்பமே 2020-ஆம் ஆண்டு முதல் இணையத்தில்தான் பெறப்பட்டு வருகிறது. எனவே "எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது" என்று ஒரு மாணவர் கூறினால், அது வசதிக் குறைவைப் பற்றிய பேச்சன்று. வாய்ப்புக் குறைவைப் பற்றிய பேச்சாகும்.

தருமபுரி மாவட்டத்தில், அரூருக்குத் தெற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்பது சித்தேரி மலை. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் இம்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள், மடிப்புக்கு ஒரு சிற்றூராகச் சிதறி வாழ்கின்றனர். (பெயரைக் கொண்டு எங்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டா. மலையை ஆள்பவர் என்பதே பொருள் என்று எங்கள் பெரியவர்கள் கூறுவர். நாங்கள் பேசுவது தமிழே.) அத்தகைய ஒரு மடிப்பில்தான் என் வீடும் உள்ளது. வீட்டுக்கும் சமவெளிக்கும் இடையில் ஒரு மேடு. மேட்டின்மேல் ஏறினால் செல்பேசி பேசும், இறங்கினால் ஊமையாகிவிடும்.

சென்ற ஆண்டு என் தங்கை கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது நடந்ததைக் கூறுகிறேன். அடையாளம் உறுதி செய்ய ஓ.டி.பி. எண் வர வேண்டும். அது அப்பாவின் செல்பேசிக்கு வரும். அப்பா களத்துமேட்டில் நின்று எண்ணைப் பார்த்துக் கத்துவார். தங்கை பாதி வழியில் நின்று அதைக் கேட்டுத் தன் கையிலுள்ள செல்பேசியில் தட்டுவாள். அங்கோ இணையம் இராது. அவள் மேலே ஓடி வருவதற்குள் எண் காலாவதியாகிவிடும். மூன்று முறை இவ்வாறு நடந்தபின் அப்பா, "அரூருக்கே போய்விடலாம், ஒரு நாள் கூலி போனால் போகட்டும்" என்றார். அன்று மாலைதான், வகுப்பில் படித்த மின்காந்த அலைப் பாடத்தை வீட்டில் பயன்படுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அம்முயற்சியில் நான் கற்றவற்றையும், செய்த பிழைகளையும் என்னைப்போன்ற மலை மாணவர்களுக்கும் சிற்றூர் மாணவர்களுக்கும் இக்கட்டுரை வழியே கூற விரும்புகிறேன்.

மேடு ஏன் மறைக்கிறது?

செல்பேசி அலையும் ஒளியும் ஒரே குடும்பம். இரண்டும் மின்காந்த அலைகளே. நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில் கம்பியில்லா அலையைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்திக் காட்டினார் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். சுவரை ஊடுருவும் அலை மலையை ஏன் ஊடுருவவில்லை? ஒரு முழச் சுவர் வேறு, அரை மைல் பாறை வேறு. அங்கு அலை ஊடுருவுவதில்லை. விளிம்பில் சற்று வளைந்து இறங்குகிறது. இதையே விளிம்பு விளைவு என்று படிக்கிறோம். அலைநீளம் கூடுதலாக இருந்தால் வளைவும் கூடும்.

இந்தியாவில் 4ஜி சேவைக்குப் பயன்படும் அலைவரிசைகளைப் பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர், 850-க்கு 35, 1800-க்கு 17, 2300-க்கு 13. முதல் இரண்டும் மேட்டின் விளிம்பில் ஓரளவு வளைந்து மடிப்புக்குள் இறங்கும். இலைகளின் ஊடேயும் வரும். கடைசியிலுள்ளது நகரத்திற்கு ஏற்றது. மழையில் நனைந்த பலா மரம் ஒன்று குறுக்கே நின்றாலே தளர்ந்துவிடும். ஆகவே "எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்பதைவிட, "எந்தக் கம்பெனியின் தாழ்ந்த அலைவரிசை என் வீட்டை எட்டுகிறது?" என்று கேட்பதே அறிவுடைமை. அக்கேள்விக்கு விடை விளம்பரத்தில் இல்லை. அளந்துதான் அறிய வேண்டும்.

வாங்குமுன் அளந்து பார்

செல்பேசியின் மூலையில் தெரியும் கோடுகள் அளவுகோல் ஆகா. ஒவ்வொரு கம்பெனிக்காரரும் தம் விருப்பப்படி கோடு போடுகிறார். உண்மையான அளவு செல்பேசியின் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு செல்பேசியில் செட்டிங்ஸ் பகுதியில், 'அபவுட் போன்' என்பதன் கீழ், 'சிம் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் அலையின் வலிமை டிபிஎம் என்ற அலகில் காட்டப்படும். எண்ணுக்கு முன் எப்போதும் கழித்தல் குறி இருக்கும். எண் சிறிதானால் நல்லது. 4ஜி-யில் −90 நன்று, −105 பரவாயில்லை, −115 தத்தளிப்பு, −120-க்குக் கீழே நம்பிக்கை வைக்க வேண்டா.

இது மடக்கை அளவு என்பதை மறக்கலாகாது. 3 டெசிபெல் கூடினால் வலிமை இருமடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. எங்கள் வீட்டுக்குள் −117 இருந்தது. வீட்டிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, களத்துக்குப் போகும் வழியில் ஒரு பாறை உண்டு, அதன்மேல் −101. பதினாறு டெசிபெல் வேறுபாடு, அதாவது ஏறத்தாழ நாற்பது மடங்கு! அறுபது மீட்டர் நடையில் நாற்பது மடங்கு கிடைக்குமானால், நாம் பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் கருவியன்று, அந்த அறுபது மீட்டர்தான் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஊரில் உள்ள வெவ்வேறு கம்பெனி சிம்களை இரவல் வாங்கி, காலை, நண்பகல், இரவு எட்டு மணி ஆகிய மூன்று வேளையிலும் ஒரு வாரம் அளந்தேன். அத்தை வீட்டுச் சிம் பகலில் முதலிடம். இரவில் கடைசி இடம். கீழே உள்ள ஊர்கள் எல்லாம் இரவில் படம் பார்க்கத் தொடங்கியதும் அந்தக் கோபுரம் திணறிவிடுகிறது. ஒரு நாள் மட்டும் அளந்து முடிவு செய்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

இங்கு ஒரு விந்தையையும் கூற வேண்டும். களத்துமேட்டின் உச்சியில் கோடுகள் நிறைந்திருக்கும். ஆனால் இணையம் நகராது. பாறையின்மேல் கோடு குறைவு, இணையம் ஓடும். இது எப்படி? உச்சியில் நிற்பவனுக்குச் சமவெளியின் பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் தெரிகின்றன. 4ஜி-யில் அடுத்தடுத்த கோபுரங்கள் ஒரே அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. சந்தையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் ஒருவர் பேச்சும் விளங்காதது போன்றது இது. ஆதலால் வலிமையோடு தெளிவையும் பார்க்க வேண்டும். குறிப்பலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்ட இலவசச் செயலிகள் உண்டு. ரவுட்டரின் உள்பக்கத்திலும் அது காணப்படும். அந்த எண் 10-க்கு மேல் இருந்தால் மகிழ்க. சுழியத்துக்குக் கீழே போனால் இடத்தை மாற்றுக. பாறையின் முதுகு மற்றக் கோபுரங்களை மறைத்து ஒன்றை மட்டும் காட்டியது. மலை மறைப்பது எப்போதும் தீமையன்று.

உச்சியில்தான் வைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு திசையை மட்டும் நோக்கும் ஆன்டெனா உதவும். தூர்தர்ஷன் பார்க்கக் கூரைமேல் கட்டிய மீன்முள் போன்ற ஏரியலை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பானின் யாகி, உடா என்ற இருவர் 1926-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த அமைப்பு அது. செல்பேசி அலைக்கும் அதே வடிவம் பொருந்தும். அலைநீளம் சிறிதாகையால் முள்ளும் சிறிதாகும். ஆனால் ஆன்டெனாவிலிருந்து நீண்ட மெல்லிய கம்பியில் அலையை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். டி.வி. கேபிளைப்போன்ற மெல்லிய கோஆக்சியல் கம்பி பத்து மீட்டர் நீளத்திலேயே 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் 5 டெசிபெல் வரை தின்றுவிடும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போயிற்று. அறுபது மீட்டருக்கு இழுத்தால் வீட்டுக்கு வருவது வெறும் கம்பிதான்.

அறுபது மீட்டரைக் கடந்த கதை

எளிய வழி ஒன்று உண்டு. பழைய செல்பேசி ஒன்றில் சிம்மைப் போட்டு, அலை கிடைக்கும் இடத்தில் வைத்து, ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிடுவது. அலை விழும் இடம் கூரை ஓரத்திலோ வாசல் மரத்திலோ இருக்குமானால் இதுவே போதும். வேறு செலவு வேண்டா. 2021-இல் நாமக்கல் மாவட்டத்து மாணவர்கள் ஆலமரக் கிளைகளில் அமர்ந்து இணைய வகுப்புக் கேட்ட படம் நாளேடுகளில் வந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். மரத்தில் செல்பேசி மட்டும் இருந்து, மாணவர் கீழே நிழலில் இருந்திருக்கலாமே என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது அதைச் சொல்வார் இல்லை.

எங்கள் பாறையோ அறுபது மீட்டர் தொலைவு. ஹாட்ஸ்பாட் அவ்வளவு தூரம் மண்சுவரைத் தாண்டி வராது. எனவே சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். வாங்குமுன் அது எங்களுக்கு வேண்டிய அலைவரிசையை ஏற்குமா என்று பெட்டியின்மேல் உள்ள பட்டியலைப் பார்த்தேன். 850 மெகாஹெர்ட்ஸுக்கு 5, 900-க்கு 8, 700-க்கு 28 என்று பட்டை எண்கள் உண்டு. அவ்வெண் இல்லாத மலிவுக் கருவி நகரத்தில் ஓடும், மலையில் உறங்கும்.

இனி என் பிழைகள். மழைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ரவுட்டரை ஒரு தகரப் பெட்டியில் வைத்து மூடினேன். அலை முற்றும் நின்றுபோயிற்று! உலோகக் கூட்டுக்குள் மின்காந்த அலை நுழையாது என்று ஃபாரடேயின் பெயரைச் சொல்லித் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். அப்பா ஒன்றும் சொல்லாமல் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். இன்றுவரை அந்த வாளிதான் காவல். காற்றுப் போக அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம்.

இரண்டாவது பிழை மின்சாரத்தில் நேர்ந்தது. ரவுட்டருக்குப் பாறையில் மின்சாரம் ஏது? ஈதர்நெட் கம்பி நூறு மீட்டர் வரை தகவலைக் குறையின்றிக் கொண்டுவரும். அதன் எட்டு இழைகளில் நான்கில் மின்சாரத்தையும் அனுப்பலாம். வீட்டிலிருந்து 12 வோல்ட் அனுப்பினேன். ரவுட்டர் எரியும், இணையும் நேரத்தில் அணையும், மீண்டும் எரியும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபின் ஓம் விதி நினைவுக்கு வந்தது. அறுபது மீட்டர் போய் வர அவ்விழைகளின் தடை ஏறத்தாழ 5 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட் வழியிலேயே போய்விடும். மேலே சேர்வது ஒன்பதரைதான். பிறகு 24 வோல்ட்டாக அனுப்பி, ரவுட்டர் அருகில் அதை 12 ஆகக் குறைக்கும் சிறு பலகை ஒன்றை வைத்தேன். அன்று முதல் தொல்லையில்லை. கம்பி வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குக. செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியக் கம்பியும் கடையில் கிடைக்கும். விலை குறைவு, தடை அதிகம்.

மின்வெட்டுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. மொத்தம் 84 வாட்-மணி; பேட்டரி கெடாமலிருக்கப் பாதியையே எடுக்க வேண்டும்; 6 வாட் ரவுட்டர், மாற்றிகளில் வீணாவதையும் கழித்தால், ஆறு மணி நேரம் ஓடுகிறது. மேகம் இருண்டு இடி முழங்கத் தொடங்கினால் வீட்டுப் பக்கத்துக் கம்பியைப் பிடுங்கிவிடுகிறோம். இதில் சோம்பல் கூடாது. உயரத்திலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பி மின்னலுக்கு வழியாகும்.

பகிர்தலும் பங்கீடும்

வீட்டில் ஈதர்நெட் கம்பியின் முனையில் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டர். ஒரே சிம்மில் எட்டுச் செல்பேசி எப்படி ஓடுகின்றன என்று சித்தப்பா கேட்டார். கல்லூரி விடுதியை எடுத்துக்காட்டாகக் கூறினேன். விடுதிக்கு முகவரி ஒன்றுதான். மாணவர் எழுதும் கடிதமெல்லாம் அம்முகவரியிலிருந்தே போகும்; பதில் வந்ததும் விடுதிக் காப்பாளர் குறிப்பேட்டைப் பார்த்து உரிய அறைக்கு அனுப்புவார். ரவுட்டர் அந்தக் காப்பாளர். ஒவ்வொரு கருவிக்கும் அறை எண் கொடுப்பவரும் அவரே. எனவே இரண்டு ரவுட்டர் இருந்தால் ஒன்றை மட்டும் காப்பாளராக வைத்து, மற்றதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு காப்பாளர் இருந்தால் கடிதம் ஒன்றும் ஒழுங்காகச் சேராது. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு உண்டு. மண்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போக முதலாவதே ஏற்றது. காரணம் முன்னரே கூறியதுதான்.

கருவியை அமைப்பது இரண்டு வார வேலை. பங்கிடுவதோ நாள்தோறும் செய்யும் வேலை. எங்கள் சிம்மில் நாளுக்கு 2 ஜிபி. அது தீர்ந்தால் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறையும். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் காணொளி வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி எடுக்கும். ஆக, நாளெல்லாம் நான்கரை மணி நேரக் காணொளிதான் நம் சொத்து. ஒரு செல்பேசி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நினைத்தால் 1 ஜிபி போய்விடும். அதுவும் நமக்குத் தெரியாமல்! முதல் வாரத்தில் காலை எட்டு மணிக்கே அளவு தீர்ந்ததற்குக் காரணம் இதுவே. அனைவர் செல்பேசியிலும் இந்த வைஃபையை 'மீட்டர்டு' என்று குறித்து வைத்தோம். தானாகப் புதுப்பிப்பது நின்றது. காணொளியை 360 என்ற அளவில் பார்ப்பது என்றும், மாலை ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு என்றும் மூன்று வீட்டாரும் பேசி முடிவு செய்தோம். கிரிக்கெட் நடக்கும் நாள்களில் இம்முடிவு சற்று ஆடும் என்பதை மறைப்பானேன்?

அளவு தீர்ந்த பின்னும் வழியுண்டு. சான்றிதழை ஒளிப்படமாக எடுத்து அனுப்பும்போது 2 எம்பி கோப்பு, 64 கிலோபிட் வேகத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் விண்ணப்பப் பக்கம் நம்மை வெளியே தள்ளிவிடும். அதையே 200 கேபி-யாகச் சுருக்கினால் 25 நொடி. தங்கையின் உதவித்தொகைச் சான்றிதழ் அப்படித்தான் போயிற்று, எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து. ஓ.டி.பி.யும் திண்ணைக்கே வருகிறது. வைஃபை வழியே அழைப்பும் குறுஞ்செய்தியும் பெறும் வசதியை அப்பாவின் செல்பேசியில் திறந்து வைத்திருக்கிறோம். இவ்வசதி எல்லாச் செல்பேசியிலும் எல்லாச் சேவையிலும் இராது, பார்த்துக்கொள்க.

சட்டத்தையும் இரண்டு சொல்லில் அறிந்து வைத்தல் நலம். சிம் யார் பெயரில் உள்ளதோ அவரே அதன் வழி நடப்பவற்றுக்குப் பொறுப்பாவார். எனவே கடவுச்சொல் இல்லாமல் வைஃபையைத் திறந்து விடுதல் தகாது. காசு வாங்கிக்கொண்டு ஊருக்கு இணையம் கொடுக்க விரும்புவோர்க்குப் பி.எம்.-வாணி என்ற திட்டம் உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்தில், சிறு மளிகைக் கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றிப் பொதுத் தகவல் நிலையம் நடத்தலாம். மற்றொன்று, 'சிக்னல் பூஸ்டர்' என்று விற்கப்படும் கருவி. தனியார் அதை உரிய அனுமதியின்றி வாங்கி நிறுவுதல் இந்தியாவில் குற்றம். அது நம் வீட்டில் அலையைப் பெருக்குவது போலத் தோன்றினாலும் கோபுரத்தின் காதில் இரைச்சலைக் கொட்டி, அக்கம்பக்கத்தார் அனைவரின் பேச்சையும் கெடுக்கும். ஆன்டெனாவும் ரவுட்டரும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல.

பாறை இல்லாத ஊருக்கு

எங்களுக்கு ஒரு பாறை இருந்தது. மேட்டுக்கு அப்பாலுள்ள அடுத்த மடிப்பில் இருபது வீடுகள். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் அங்கு இருக்கின்றனர். அங்கு வீடு வீடாகவும் மரம் மரமாகவும் அளந்து பார்த்துவிட்டேன். எங்கும் −120-க்கு மேல் ஏறவில்லை. இல்லாத அலையை எந்த ஆன்டெனாவும் உண்டாக்க முடியாது. அங்கு வேண்டுவது கோபுரம்தான். இணையமே எட்டாத 24,680 சிற்றூர்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது, பி.எஸ்.என்.எல். அதை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றது. ஆனால் ஊராட்சியின் தலைமை ஊரில் ஓரிடத்தில் அலை கிடைத்தால், வரைபடத்தில் அதைச் சுற்றியுள்ளவையும் கிடைத்தவையாக எண்ணப்பட்டுவிடக் கூடும். மலையின் மடிப்பு வரைபடத்தில் தெரிவதில்லை.

எனவே "டவர் இல்லை" என்று ஒரு வரி எழுதாமல், அளவுகளையே மனுவாக எழுதினோம். இடம், நாள், நேரம், சிம், டிபிஎம் என்று ஐந்து பத்திகள்; பதினான்கு இடங்கள்; மூன்று வேளைகள். மனுவை அவ்வூரார் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் தருமபுரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தனர். அதன் படி ஒன்றை அடுத்த கிராம சபையில் படிப்பதற்காக என் பள்ளித் தோழன் வைத்திருக்கிறான். அவனுக்கு டிபிஎம் என்றால் என்ன என்று விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. இப்போது அவன் தன் ஊரில் எந்த மரத்தடியில் எவ்வளவு என்று என்னைவிட நன்றாகச் சொல்கிறான்.